முப்பத்தேழாம் எண் ஏரி

ஜப்பானின் மாத்சுயே நகரில் திங்கட்கிழமை எந்த முடிதிருத்தும் கடையும் திறக்காது. அதனால்தான் தமாயே அந்த நாளைக் குறித்திருந்தாள். காலை எட்டு மணிக்கே மாடி அறையிலிருந்து ஏரிப் படத்தைச் சட்டத்தோடு இறக்கி, கீழே தங்கள் முடிதிருத்தும் கடையில் துண்டு மடிக்கும் மேசைமேல் வைத்துவிட்டாள். பல் துலக்கிக்கொண்டே படியிறங்கிய அவள் கணவன் குனிஹிகோ அதைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என்னங்க, பேயைப் பாத்த மாதிரி முழிக்கறீங்க?"

"இத ஏன் கீழ இறக்கின?"

"பத்து மணிக்கு அருங்காட்சியகத்துலேந்து அந்தப் பொண்ணு வருது. நேத்துலேந்து நாலு தடவ சொல்லிட்டேன். உங்க காதுல தூண்டில் முள்ளு வேணா மாட்டும், என் பேச்சு மாட்டாது."

"காலண்டர் படத்தப் பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் வருது? பாவம், பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு."

"சிரிங்க. இன்னைக்கு ஒரு நாள்தான் சிரிக்க முடியும்."

குனிஹிகோ சிரிக்கவில்லை. வாயில் பற்பசை நுரையோடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓவியர் மினேகிஷி பிறந்து நூறு வருடம் ஆகிறதென்று நகர அருங்காட்சியகம் வசந்த காலத்தில் கண்காட்சி வைக்கிறது. அவர் செதுக்கி அச்சிட்ட மரக்கட்டை ஓவியங்களை வைத்திருப்பவர்கள் இரவல் தரலாம். தருபவரின் பெயரும் படம் அவருக்குக் கிடைத்த கதையும் ஓர் அட்டையில் பக்கத்திலேயே இருக்கும். தமாயேவின் கதை நாற்பது வருடமாகத் தயாராக இருந்தது. இருபது வயதில் அவள் ஏரிக்கரை விடுதி ஒன்றில் வேலை பார்த்தாள். ஒரு மழைக்காலத்தில் மினேகிஷி அங்கே வந்து தங்கினார். நான்கு நாள் அவர் கரையில் உட்கார்ந்து வரைந்தார். நான்கு நாளும் தமாயே குடை பிடித்தாள். அவருக்கு அல்ல, பலகைக்கு. அவர் நனைந்துகொண்டேதான் வரைந்தார். அடுத்த வருடம் அவளுக்குத் தபாலில் ஓர் அட்டைக் குழாய் வந்தது. உள்ளே மழையில் நனையும் ஏரி. கீழே பென்சிலில் அவர் கையெழுத்தும், 37/120 என்ற எண்ணும். நூற்றிருபது படிகளில் முப்பத்தேழாவது.

விடுதிப் பெண்கள் யாரும் நம்பவில்லை. எழுதுபொருள் கடையில் வாங்கியிருப்பாள் என்றார்கள். அவர்களில் அகிமோதோ என்பவள் இன்றுவரை, காய்கறிக் கடையில் பார்த்தாலும், "குடைக்காரி வந்துட்டா" என்பாள். அவள் வாயை அடைப்பதற்காகவாவது அந்த அட்டையில் தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் தமாயேவின் ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவளுக்கு இருந்ததாகக் குனிஹிகோவுக்கு நினைவில்லை.

படத்தின் பின்பக்கத்தில் ஒரு மீன் இருக்கிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான வருடம், அக்டோபரில், கால்வாயில் அவன் தூண்டிலில் ஒரு பெரிய குரோதாய் மீன் மாட்டியது. பிடித்த மீனின் உடம்பில் மை தடவி, தாளைப் போர்த்தித் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதுதான் பிடித்ததற்குச் சாட்சி. மீன் காய்ந்தால் செதில் பதியாது. வீட்டில் நல்ல தாள் இல்லை. அலமாரியைத் துழாவினான். ஒரு குழாய் கிடைத்தது, அதற்குள் கனத்த கைத்தாள் ஒன்று, வெள்ளை வெளேரென்று. விரித்தான், போர்த்தினான், தேய்த்தான். ஒவ்வொரு செதிலும் விழுந்தது. தேதி, இடம், நீளம் எல்லாம் எழுதி முடித்து, காயவைக்க ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தான். வெளிச்சத்தில் மீனுக்குப் பின்னால் ஏரி தெரிந்தது.

தமாயே அப்போது அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் அவன் சோற்றுப் பசை காய்ச்சி, அந்தத் தாளை மீன் பக்கமாக ஓர் அட்டையில் அழுத்தி ஒட்டி, கண்ணாடிச் சட்டம் வாங்கி மாட்டிவிட்டான். "உனக்காகத்தான்" என்றான். அவள் கண்ணீர் விட்டாள். இன்றுவரை யார் வந்தாலும், "எங்க வீட்டுக்காரர் வாய்தான் அப்படி, கல்யாணமான புதுசுல எனக்காக என்ன பண்ணினார் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்போதெல்லாம் அவன் எழுந்து கடைக்குள் போய்விடுவான்.

மறுநாள் வேறு தாள் வாங்கிப் பனிக்கட்டியில் கிடந்த மீனை இன்னொரு முறை அச்செடுத்தான். அதுதான் கடையில் கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. அதில் நீளம் 50.2 சென்டிமீட்டர் என்றிருக்கும். ஐம்பதைத் தாண்டிய குரோதாயைத் தூண்டில்காரர்கள் 'வயசில்லாதவன்' என்று கொண்டாடுவார்கள்; வயது கணிக்க முடியாத அளவுக்கு முதிர்ந்த மீன். பின்பக்கத்து மீனில் அவன் எழுதியது 48.5. அந்த அவசரத்தில் பொய் யோசிக்க நேரமில்லை.

சரியாகப் பத்து மணிக்கு அருங்காட்சியகத்துப் பெண் இபுகி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. செருப்பைத் திருப்பி வைத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டு, முதலில் கேட்டது சோப்பு. முழங்கை வரை கழுவினாள். அவள் பின்னாலேயே கொல்லை வாசல் வழியாக டோஃபு கடைக்காரன் ஃபுகுமா ஒரு டோஃபு டப்பாவோடு வந்தான். அதிகாலை இரண்டு மணிக்கு வேலையை ஆரம்பித்துவிடுவதால், பத்து மணிக்கு அவனுக்கு ஊர்வம்புதான் வேலை. கடையில் தொங்கும் மீனில் சாட்சியாக முத்திரை குத்தியவனும் அவனே.

"நிஜப் படமா இருந்தா என்னடா குனி பண்ணுவ?" என்று சவர நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "முப்பத்தஞ்சு வருஷம் காலண்டர்னு சொன்ன வாயி."

"நீ டோஃபுவ வச்சுட்டுக் கிளம்பு."

"வேடிக்கை பாக்க வந்தவன எந்த ஊர்ல விரட்டுவாங்க?"

இபுகி சட்டத்தின் பின்மூடியை மட்டும் கழற்றி, கண்ணாடியை எடுத்தாள். சின்ன விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் தாளின் மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழுந்தன. பூதக்கண்ணாடியால் கையெழுத்தைப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள். அளவுகோல் வைத்தாள். தான் கொண்டுவந்த ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது.

"ஒட்டியிருக்கே," என்றாள் கடைசியில், அட்டையைத் தொட்டு. "ஓரம் மட்டும் இல்ல, முழுசா."

"எங்க வீட்டுக்காரரே ஒட்டினது!" என்றாள் தமாயே பெருமையாக. "கல்யாணமான புதுசுல..."

குனிஹிகோ எழுந்தான். ஃபுகுமாவின் கால் குறுக்கே நீட்டியிருந்ததால் வெளியே நழுவ முடியவில்லை.

"அம்மா, ரெண்டு விஷயம் இருக்கு," என்றாள் இபுகி. குரல் தரையைப் பார்த்து வந்தது. "மினேகிஷி ஷோவா 58ல, அதாவது 1983ல, இறந்துட்டார். 61ல அதே மரக்கட்டைகள வச்சு மறுபடி அச்சடிச்சாங்க. அதே மாதிரித் தாள். அதுல சிலதுல யாரோ பென்சில் கையெழுத்தும் நம்பரும் போட்டு வித்திருக்காங்க. முப்பத்தேழாம் நம்பர் ஏற்கெனவே ஒகாயாமாவுல ஒருத்தர்கிட்ட இருக்கு. இந்தப் போட்டோ அதுதான்."

"ரெண்டாவது?"

"இந்த மேகம்."

எல்லோரும் பார்த்தார்கள். ஏரிக்கு மேலே, வானத்தின் இடப்பக்கம், நீண்டு கிடந்தது அந்தச் சாம்பல் நிற மேகம். மழை அங்கேயிருந்துதான் இறங்குகிறது என்று தமாயே விருந்தினர்களுக்குக் காட்டும் மேகம்.

"இது வேற எந்தப் படியிலயும் இல்ல. அச்சு சரியில்லாம மை ஊறின மாதிரி இருக்கு. அவர் கையால அடிச்சிருந்தா இத வெளிய விட்டிருக்க மாட்டார்." இபுகி பூதக்கண்ணாடியை மடித்தாள். "போலின்னு சொல்லல. ஆனா 'உறுதி செய்ய இயலவில்லை'ன்னுதான் எழுத முடியும். அட்டையப் பிரிச்சுப் பின்பக்கத்தப் பாக்கறதுன்னா மூணு நாலு வாரம் ஆகும். பின்னாடியும் அதே தாள்தான், புதுசா ஒண்ணும் தெரியாது. அதுக்காகப் படத்துக்கு ஆபத்து வேணாம்னு நினைக்கிறேன்."

குனிஹிகோவின் மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. பிரிக்க மாட்டார்கள். முடிந்தது.

"பரவால்லம்மா," என்றாள் தமாயே. "டீ போடறேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். ஃபுகுமா நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். குனிஹிகோ கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தான். நன்றாக உற்றுப் பார்த்தால் அதற்கு முதுகுத் துடுப்பு இருந்தது. முப்பத்தைந்து வருடமாகத் தான் தப்பித்ததாக நினைத்திருந்தான். அந்த மீனோ இத்தனை வருடமும், அவள்கூடக் கவனிக்காதபடி மெல்ல மெல்ல, அவள் வானத்தில் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது அவளையே பொய்க்காரியாக்கிவிட்டது.

சமையலறையில் தமாயே பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. அவள் அப்படி நறுக்கினால் கோபமோ துக்கமோ உண்டு.

"நான் குடை பிடிச்சது எனக்குத் தெரியும். அது போதும்," என்றாள் திரும்பாமலே.

"தமாயே."

"ம்."

"அது மேகம் இல்ல."

"பின்ன?"

"மீன்."

கத்தி நின்றது. "எந்த மீன்?"

அவன் தாடையால் கடைப் பக்கம் காட்டினான். அவள் எட்டி, கதவு வழியாகக் கடைச் சுவரைப் பார்த்தாள்.

"அந்த மீனா?"

"அதோட முதல் அச்சு. தாள் இல்ல. அலமாரியில தேடினேன். பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு. முன்பக்கத்த நான் பாக்கல, சத்தியமா பாக்கல."

"அப்ப... சட்டம் போட்டுக் குடுத்தது?"

"மறைக்கத்தான்."

"நான் அழுதேனே!"

"ஆமா. எனக்கும் அன்னைக்கு அழுகை வந்துச்சு. வேற காரணம்."

தமாயே கத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஃபுகுமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "நான் கிளம்பறேன், டோஃபு கெட்டுடும்."

"உக்காருங்க ஃபுகுமா. உங்க முத்திரையும் அந்த மீன்ல இருக்கு." பிறகு இபுகியிடம், "பின்னாடி ஒரு மீன் இருக்காம்மா. இந்தப் புண்ணியவான் அச்செடுத்திருக்கார்."

இபுகி எழுந்து நின்றாள். அவள் மடியிலிருந்த அளவுகோல் தரையில் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை. "என்ன மை?"

"சாதா எழுத்து மை. மைக்கட்டியத் தண்ணில உரைச்சது," என்றான் குனிஹிகோ.

"தேதி போட்டீங்களா? மீன் அச்சுல தேதி போடுவாங்கள்ல?"

"போட்டேன்."

"எந்த வருஷம்?"

"கல்யாணமான வருஷம். ஐம்பத்து நாலு."

"அறுபத்தொன்னுக்கு ஏழு வருஷம் முன்னால," என்றாள் இபுகி. முதல் முறையாக அவள் குரல் தரையை விட்டு எழும்பியது. "ஐயா, அத நான் பிரிச்சே ஆகணும்!"

நீளத்தைப் பற்றிக் குனிஹிகோ வாய் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாவம் போதும்.

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இபுகிக்கு ஒரு வேலை அறை இருந்தது. படத்தை மென்மையான தாள்மேல் குப்புறக் கிடத்தினாள். நீர் பட்டால் ஏரியின் நீலம் ஓடிவிடும். அதனால் அட்டையைப் பின்னாலிருந்து ஏடு ஏடாகச் சீவித்தான் எடுக்க வேண்டும். கடைசியில் பசை ஒட்டிய ஏட்டில் மட்டும் லேசாக ஈரம் காட்டி, பொறுமையாக உரிக்க வேண்டும். குனிஹிகோவும் தமாயேவும் திங்கட்கிழமைதோறும் போய் உட்கார்ந்தார்கள். தமாயே அவனோடு பேசினாள்; ஆனால் காபிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தியிருந்தாள்.

முதல் வாரமே குனிஹிகோவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மாடி, கத்திய அவ்ளோ நிமித்தாத. படுக்க வை. கன்னத்துல போற மாதிரி."

இபுகி படுக்க வைத்தாள். ஏடு சுருண்டு வந்தது.

"இது சவரம்தானே!" என்றான் அவன். "கத்தி முனை போயிடுச்சு. இங்க குடு."

தன் தோல்பட்டையைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் மாட்டி, அவளுடைய வட்டக்கத்தியைத் தீட்டிக் கொடுத்தான். தீட்டத் தீட்ட வேலை வேகமாக நடந்தது. தன் கழுத்துக்குத் தானே கத்தி தீட்டுகிற ஒரே முடிதிருத்துபவன் ஜப்பானில் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"இந்த அட்டையில அமிலம் ஏறிப் போச்சு," என்றாள் இபுகி. "இன்னும் பத்து வருஷம் இப்படியே இருந்திருந்தா தாளும் பழுப்பாகி நொறுங்கியிருக்கும். சோத்துப் பசைக்குப் பூச்சி வேற வரும். இப்ப பிரிச்சது நல்லதாப் போச்சு."

"கேட்டுக்கிட்டியா?" என்றான் குனிஹிகோ.

"உங்களுக்கு நன்றி சொல்லணுமாக்கும்?" என்றாள் தமாயே.

இரண்டாவது வாரம் வால் வந்தது. பிறகு வயிறு. செதில்கள் ஒவ்வொன்றாக, நேற்றுப் பதிந்தவை போலக் கருகருவென்று. அவற்றுக்கு அடியில் வட்ட வட்டமாக லேசான தேய்ப்புத் தடங்கள்: மினேகிஷி தாளைக் கையால் தேய்த்து அச்செடுத்த தடம். தமாயே குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க," என்றாள் வேண்டாவெறுப்பாக.

மூன்றாவது வாரம் எழுத்து வந்தது. இபுகி விளக்கைச் சாய்த்து வாசித்தாள். "ஷோவா ஐம்பத்து நாலு, அக்டோபர் இருபத்தொண்ணு." நிமிர்ந்து தமாயேவைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். "அம்மா, இது அவர் உயிரோட இருந்தப்ப அச்சானது. உங்க படம்தான் முப்பத்தேழு. ஒகாயாமாக்காரருக்கு நான் ஒரு கடிதம் எழுதணும்." அதை நினைத்ததும் அவள் முகம் வாடியது.

தமாயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்று இபுகி மறுபடி குனிந்தாள். "குரோதாய். நாற்பத்தெட்டு புள்ளி..." நின்றாள். அவள் விஞ்ஞானம் படித்தவள். ஒரு முறை பார்த்த எண் மறக்காது. "ஐயா, கடையில இருக்கறது ஐம்பது புள்ளி ரெண்டு. அது வேற மீனா?"

அவள் கள்ளமில்லாமல்தான் கேட்டாள். தப்பிக்க ஒரு கதவு தானாகத் திறந்தது. ஆமாம் என்றால் போதும். தமாயே பொத்திய கைகளுக்கு மேலே அவனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இன்னும் ஈரமிருந்தது.

"ஒரே மீன்தான்," என்றான் குனிஹிகோ.

"மிச்சம் ஒண்ணே முக்கால் எங்கேந்து வந்துச்சு?" என்றாள் தமாயே.

"வாலுல. தூரிகையால கொஞ்சம் இழுத்துட்டேன்."

தமாயே சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். "முப்பத்தஞ்சு வருஷம்... அந்த வாலுக்குக் கீழ உக்காத்தி வச்சு ஊருக்கே முடி வெட்டி... ஃபுகுமா முத்திரை வேற!" இபுகிக்கும் சிரிப்பு வந்தது, படத்தின்மேல் மூச்சு படக் கூடாதென்று மேசையை விட்டுத் தள்ளிப் போய்ச் சிரித்தாள்.

"அந்த மையக் கழுவ முடியாதா?" என்று கேட்டான் குனிஹிகோ.

"முடியாது ஐயா. அது வெறும் கரி. ஏரியோட நீலம் வெளிச்சத்துல போயிடும், உங்க மீன் போகாது. விலைன்னு பாத்தா பாதிதான் தேறும்."

"விக்கப் போறது யாரு?" என்றாள் தமாயே. "நான் மாடியில மாட்டணும்."

"வருஷத்துக்கு ரெண்டு மாசம் மாட்டலாம். மிச்ச நாள் பெட்டியில, இருட்டுல. மழைக்காலத்துல மட்டும் வேணாம்மா, ஈரம்."

"மழைப் படத்த மழைக்காலத்துல மாட்டக் கூடாதா? இது என்னடி நியாயம்!"

இபுகி கொஞ்சம் தயங்கினாள். "கண்காட்சியில ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சுக் காட்டலாமான்னு எங்க அருங்காட்சியகத் தலைவர் கேட்டார். சுத்தி வந்து பாக்கற மாதிரி. பின்பக்கம்தான் அத்தாட்சி. நீங்க வேணாம்னா..."

குனிஹிகோ தமாயேவைப் பார்த்தான். படம் அவளுடையது.

"ரெண்டு பக்கமும்," என்றாள் தமாயே. அடுத்த நாள் அவன் காபியில் சர்க்கரை இருந்தது.

மே மாதம், கண்காட்சியின் முதல் நாள். மங்கலான விளக்கொளியில் ஏரி அறையின் நடுவே நின்றது. அட்டையில் ஓவியரின் பெயருக்குக் கீழே, 'இரவல் தந்தவர்: கரையில் நான்கு நாள் குடை பிடித்த தமாயே' என்றிருந்தது. அகிமோதோ அதை இரண்டு முறை வாசித்தாள்.

"அப்ப நிஜமாவே பிடிச்சியா?"

"நாலு நாள். கை மரத்துப் போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நாப்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்!"

அகிமோதோ கைப்பையைத் திறந்து, மூடி, பிறகு தலை தாழ்த்தினாள். "அந்த மேகம் ரொம்ப அழகு," என்றாள்.

கண்ணாடிக்கு மறுபக்கம் கூட்டம் இன்னும் அதிகம். தூண்டில் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர். ஃபுகுமா கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டு நின்றான். சங்கத் தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்தை நோக்கிக் குனிந்தார். குனிஹிகோ சட்டென்று முன்னால் போய்க் கையை விரித்தான். "அது வந்துங்க, செத்த மீனு பனிக்கட்டியில கிடந்தா மறுநாள் கொஞ்சம் நீளும். அது ஒரு..."

"என்னங்க!" என்று ஏரியின் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எத்தனைன்னு சத்தமாச் சொல்லுங்க. இங்கயும் கேக்கறாங்க!"

"நாப்பத்தெட்டரை!" என்று கத்தினான் குனிஹிகோ.

வாசலில் நின்ற காவலாளி உதட்டில் விரல் வைத்தார். அதற்குள் அறை முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது.